பூகோளத்தார் தேடிய வியாத்ராக்குகள்

டென்மார்க்கின் பிராண்டேயில் இருந்து பிரேசில் வரைக்கும் தன்னுடைய பெயரைத் தானே துரத்திக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் பதினொரு வருடம் எனக்கு எதிர்க் கதிரையில் இருந்து என்னுடைய சம்பலைச் சாப்பிட்டார். இதை நான் பெருமையாகச் சொல்கிறேனா, முறைப்பாடாகச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. போன மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். என்னுடைய சம்பல் இப்போது மிஞ்சுகிறது.

எங்களுடையது காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலை. இறக்கை என்றால் சாதாரண இறக்கை இல்லை. இந்த முனையில் நிற்பவர் தும்மினால் அந்த முனையில் நிற்பவருக்கு அடுத்த நாள்தான் கேட்கும். அதைத் தேய்த்து மினுக்குவது எங்கள் வேலை. மண்டபம் முழுக்க வெள்ளைத் தூசி மிதக்கும். முகமூடி போட்ட மனிதர்கள் அதற்குள்ளே மெதுவாக நடந்து திரிவார்கள். முதல் நாள் வேலைக்குப் போனபோது, செத்துத்தான் வந்திருக்கிறேனோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கன்டீனில் பிரியாணி வாசம் வந்த பிறகுதான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தது.

கன்டீனில் டேனிஷ்காரருக்கு ஒரு மேசை, போலந்துக்காரருக்கு ஒரு மேசை, எங்களுக்கு ஒரு மேசை. சட்டம் ஒன்றும் இல்லை, தானாக அமைந்தது. ஒரு நாள் ஒரு கட்டையான, தடித்த போலந்துக்காரர் தன் கறுப்புப் பாணோடு எழும்பி வந்து எங்கள் மேசையில் குந்திவிட்டார். பிறகுதான் விசயம் தெரிந்தது. போலந்துக்காரர்கள் எல்லாரும் அவருடைய கதையை நாலு தரம் கேட்டு முடித்துவிட்டார்கள். அவருக்குப் புதுக் காதுகள் தேவைப்பட்டன. எங்களிடம் எட்டுச் சோடி இருந்தது.

அவருடைய குடும்பப்பெயர் வியாத்ராக். போலந்து மொழியில் காற்றாலை என்று அர்த்தமாம். நான் இட்டுக்கட்டவில்லை. காற்றாலை என்று பெயர் உள்ள மனிதர் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார்.

"ஊரில நல்ல பஸ் ஓட்டிக்கொண்டிருந்தனான்," என்றார். டேனிஷில்தான் சொன்னார். ஆனால் அவர் கதைப்பது எனக்கு எப்போதும் எங்கட தமிழிலேயே கேட்கும், அப்படியே எழுதுகிறேன். "ஒரு நாள் பேப்பரில விளம்பரம். டென்மார்க்கில காற்றாலை செய்ய ஆள் தேவை எண்டு. பேர் கூப்பிட்டது, வந்திட்டன்."

"சம்பளம் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டார் சிவா அண்ணை. எங்கள் மேசையின் மூத்தவர் அவர்தான். எவரையும் சும்மா விடமாட்டார்.

"அதுவும் கொஞ்சம் கூப்பிட்டது," என்று ஒத்துக்கொண்டார் வியாத்ராக்.

அவருடைய லொக்கர் கதவின் உட்பக்கத்தில் ஒரு உலகப் படம் ஒட்டியிருந்தது. படம் முழுக்கக் குண்டூசி. ஒவ்வொரு குண்டூசியும் ஒரு வியாத்ராக் குடும்பம். அதைப் பார்த்த அன்றே சிவா அண்ணை அவருக்குப் 'பூகோளத்தார்' என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தவர்கூட அவ்வளவு பூகோளம் படிப்பிக்கவில்லை.

"நிலக்கரி எங்க இருக்கோ, அங்க ஒரு வியாத்ராக் இருப்பான்," என்று தொடங்குவார். கை இரண்டும் சுழலத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். "ஜெர்மனியில சுரங்கத்துக்குப் போனவை ஒரு கூட்டம். பிரான்சின்ர வடக்குக்கு ஒரு கூட்டம். சிகாகோவில இறைச்சி வெட்டப் போனவை. பிரேசிலில காடு வெட்டப் போனவை. இஞ்ச டென்மார்க்கில லொலண்ட் தீவுக்குப் பீட்ரூட் கிண்ட வந்தவை. சீனி எடுக்கிற பீட்ரூட்."

"ஆரப்பா முதல் வியாத்ராக்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை சொன்ன கதையில், முதல் வியாத்ராக் ஒரு பிரபு, சொந்தமாக ஏழு காற்றாலை வைத்திருந்தார். புதன்கிழமை அவர் காற்றாலைக்காரனின் வேலையாளாக இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை உண்மை வந்தது. கதைக்கும்போது கையைச் சுழற்றுகிற ஒரு ஆளுக்கு ஊர்ச்சனம் வைத்த பட்டப்பெயராக இருக்கலாம் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருக்காம். அதைச் சொல்லும்போதே கை பட்டு சிவா அண்ணையின் தயிர் கவிழ்ந்தது. எங்களுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

கதைக்காத நேரத்தில் மனிதர் வேறு ஆள். கன்டீன் யன்னலுக்கு வெளியே வயல், வயலுக்கு மேலே மூடுபனி, மூடுபனிக்கு மேலே உடம்பு தெரியாமல் மெதுவாகச் சுற்றும் இறக்கைகள். அதைப் பார்த்தபடி அரைக் கண்ணில் இருப்பார். "இப்ப பிரேசிலில ஒரு வியாத்ராக் எழும்பிக் கோப்பி ஊத்துறான். ஒஸ்ரேலியாவில ஒருத்தி லைற்றை நூர்க்கிறாள். ஆரும் ஆரையும் அறியாயினம். நான் மட்டும் எல்லாரையும் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்." அப்படிச் சொல்லும்போது எனக்கும் கண் சொருகும். எத்தனையோ தரம் அவரால் நான் வேலைக்கு மூன்று நிமிடம் பிந்திப் போயிருக்கிறேன்.

ஒரு நாள் என் பக்கம் திரும்பினார். "உன்ர குடும்பப்பெயர் எங்கயிருந்து வந்தது?"

"அது குடும்பப்பெயர் இல்லை. அப்பாவின்ர பேர்."

"அப்ப பிள்ளையளுக்கு?"

"அவைக்கு என்ர பேர்."

"மனிசிக்கு?"

"அவவுக்கு அவவின்ர அப்பாவின்ர பேர். என்ர அம்மா வந்து நிண்ட காலத்தில எங்கட தபால் பெட்டியில நாலு பேர் ஒட்டியிருந்தது. தபால்காரன் இது விடுதியோ எண்டு கேட்டவன்."

பூகோளத்தார் தலையில் கை வைத்தார். "கடவுளே! நீங்கள் எப்படித் துலைஞ்சு போகாமல் இருக்கிறியள்?"

"எங்களுக்கு உந்தக் குண்டூசி ஒண்டும் தேவையில்லை," என்றார் சிவா அண்ணை. "எந்த இடம், ஆற்ற பிள்ளை எண்டு ரெண்டு கேள்வி. மூண்டாவது கேள்விக்குள்ள சொந்தம் பிடிச்சுப்போடுவம். இப்ப பாரும். நீர் எந்த இடம்? உம்மட அப்பா ஆற்ற பிள்ளை?"

அவருடைய கை மேசையில் அப்படியே கிடந்தது. அத்தனை வருடத்தில் முதல்முறையாக எங்கள் மேசையில் சத்தம் இல்லை. போலந்து மேசையில் இருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாது," என்றார் கடைசியில். "அப்பா ஆற்ற பிள்ளை எண்டு ஆருக்கும் தெரியாது."

அன்றுதான் குண்டூசிகளின் கதை எங்களுக்கு விளங்கியது. யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், ஒரு ரயில் நிலையத்தில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையாக அவருடைய அப்பா தனியாக நின்றிருக்கிறார். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போட்டிருந்த கோட்டின் கழுத்துப் பட்டியில் மட்டும் நூலால் ஒரு பெயர் தைத்திருந்தது. வியாத்ராக். கன்னியாஸ்திரிகள் தூக்கிக்கொண்டு போய் வளர்த்து, அன்றைக்கு எந்தப் புனிதரின் நாளோ அவருடைய பெயரை முன்னாலே வைத்து, கோட்டின் பெயரைப் பின்னாலே போட்டார்கள்.

"எங்கயோ ஒரு வியாத்ராக் வீட்டில ஒரு பிள்ளை துலைஞ்சிருக்கவேணும்," என்றார். "ஒரு தாய் தேடியிருப்பாள். தேடித் தேடியே செத்திருப்பாள். அந்த வீட்டைக் கண்டுபிடிச்சு, பிள்ளை பிழைச்சிட்டுது எண்டு ஒரு வார்த்தை சொல்லவேணும். அவ்வளவுதான். ஆருமே தேடேல்லை எண்டால்..." என்று இழுத்தார். "ஆருமே தேடாத பிள்ளையோ என்ர அப்பா?"

இவ்வளவு நாளும் இந்த மனிதரை விசரன் என்று பகிடி பண்ணியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. சிவா அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "சரி. கனடாவில ஆருக்கு ஆர் இருக்கினம்?"

எல்லாக் கையும் உயர்ந்தது.

போலந்து நாட்டுப் பெயர் ஒன்றைத் தேடி உலகம் முழுக்க யாழ்ப்பாணத்து ஆட்கள் வெளிக்கிட்ட கதை வேறெங்கும் நடந்திருக்காது. பாரிசில் சிவா அண்ணையின் தம்பி, வேலை முடிந்து வரும் வழியெல்லாம் கதவு மணிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். வீடு பார்த்துக் களவெடுக்க வந்தவர் என்று ஒருவர் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். விசாரிக்க வந்த பொலிஸ்காரர் கதையைக் கேட்டு, தன் மாமியாரும் போலந்துதான் என்று சொல்லி ஒரு பெயர் கொடுத்துவிட்டுப் போனார். மெல்பேர்னில் ஒரு மச்சான் சவக்காலையில் நடந்து மூன்று வியாத்ராக் கல்லைப் படம் பிடித்து அனுப்பினான். பிரேசிலில் மட்டும் எங்களுக்கு ஆள் இல்லை. "உது எங்கட பெரிய குறை," என்று சிவா அண்ணை உண்மையாகவே கவலைப்பட்டார்.

எங்கள் மானத்தை வாங்கியது ஸ்காபரோ மாமிதான். என் மனைவியின் மாமி, கனடாவில் இருக்கிறா. மிசிசாகாவில் ஒரு வியாத்ராக் குடும்பம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி பலகாரமும் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறா. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. யுத்தத்தில் ஒரு ஆண்பிள்ளையைத் தொலைத்தீர்களா? ஆனால் மாமிக்குக் குடும்பம் விசாரிக்கத் தெரிந்தது ஒரே ஒரு முறையில்தான். எந்த ஊர், தகப்பன் என்ன வேலை, சகோதரங்கள் எத்தனை பேர், மூத்தது கட்டிவிட்டதோ, வீடு சொந்தமோ என்று வரிசையாகப் போய், சுவரில் தொங்கிய மகளின் படத்தில் வந்து நின்றிருக்கிறா.

மூன்று வாரம் கழித்துப் பூகோளத்தார் ஒரு கடிதத்தோடு வந்தார். முகத்தில் குழப்பம். "கனடாவில இருந்து வந்திருக்கு. உள்ளே ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர படம். முப்பத்திரண்டு வயசு. பல் வைத்தியர். உயரம் போட்டிருக்கு. காலமை ஆறு பத்துக்குப் பிறந்தவவாம். ஏன் எனக்கு உதை அனுப்பியிருக்கினம்?"

சிவா அண்ணை கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். தோள் குலுங்கியது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் மாமிக்குப் போன் எடுத்தேன்.

"பிறந்த நேரம் ஏன் மாமி கேட்டனீங்கள்?"

"கேக்காமல் எப்பிடித் தம்பி? அவை சந்தோசமா எல்லாம் சொன்னவை. நல்ல குடும்பம். எங்க பெடியன்?"

"பெடியனுக்கு அறுபது வயசு மாமி! கலியாணம் கட்டிப் பிள்ளையளும் இருக்கு!"

"உதை நீங்கள் முதலே சொல்லியிருக்கவேணும்," என்றா மாமி.

பூகோளத்தாரின் மனைவி அந்தப் படத்தைக் கண்டுபிடித்து மூன்று நாள் சமைக்கவில்லை. அந்த மூன்று நாளும் என்னுடைய சோறும் சேர்ந்து போனது. ஆனால் மிசிசாகா வியாத்ராக்குகள் நல்ல மனிதர்கள். கோபிக்கவில்லை. தங்கள் வீட்டில் பிள்ளை ஒன்றும் தொலையவில்லை என்று மன்னிப்போடு எழுதினார்கள். பிரான்சிலும் அதே பதில். ஜெர்மனியிலும் அதே. பதில் வரவர அவர் ஒவ்வொரு குண்டூசிக்கும் கீழே 'இல்லை' என்று பென்சிலால் எழுதினார். கடைசியாக ஒஸ்ரேலியாக் குண்டூசிக்கும் எழுதிவிட்டு லொக்கரைச் சாத்தினார். அதற்குப் பிறகு கன்டீனில் கை சுழலவில்லை. சம்பலையும் தள்ளி வைத்தார்.

"லொலண்டில பாத்தியளோ அண்ணை?" என்று ஒரு பேச்சுக்குப் பூகோளத்தாரிடம் கேட்டேன்.

"லொலண்டை முதல் வருசமே முடிச்சிட்டன். ஒரு வியாத்ராக்கும் இல்லை."

என் மச்சாள் ரஜனி, மனைவியின் தங்கை, லொலண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்காவுக்கும் தங்கைக்கும் இரண்டு மணித்தியாலம் போன். அதில் பூகோளத்தாரின் துக்கமும் போயிருக்கிறது. ரஜனியிடம் ஒரு பழக்கம், பின்னேரக் கோப்பி நேரத்தில் அந்த முதியவர்களுக்கு ஏதாவது கதை சொல்லுவாள். அந்தக் கிழமை சொல்ல வேறு கதை இல்லை. கோட்டுப் போட்ட பிள்ளையின் கதையைச் சொன்னாள்.

அன்று என் மனைவி போனோடு ஓடி வந்தா. "இஞ்சருங்கோ! உங்கட பூகோளத்தாரிட்டைக் கெதியாக் கேளுங்கோ. அந்தக் கோட்டில எத்தனை பொத்தான்? கடைசிப் பொத்தான் என்ன நிறம்?"

நான் அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். "அஞ்சு. நாலு மண்ணிறம். கடைசி மட்டும் கறுப்பு. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உனக்கு ஆர் சொன்னது?"

ரஜனியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த ஹெலேனா என்ற எண்பத்துநாலு வயது அம்மா சொல்லியிருந்தா. கடைசிப் பொத்தான் கறுப்புத்தானே என்று கேட்டாவாம். டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டி அவருடைய பெயரோடு அறுபது வருடம் லொலண்டில் இருந்தவ. அவவின் பிறந்த வீட்டுப் பெயரான வியாத்ராக் எந்த டேனிஷ் பட்டியலிலும் இல்லாதபடியால் குண்டூசிக்கு அகப்படவில்லை. "என்னட்டைக் கூட்டிக்கொண்டு வா," என்று அவவே ரஜனியிடம் சொல்லியிருக்கிறா.

ஒரு சனிக்கிழமை நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். பூகோளத்தார் கலியாணக் கோட்டுச்சூட் போட்டிருந்தார், பொத்தான் பூட்டுப்படவில்லை. லாங்கலாண்ட் தீவில் இருந்து லொலண்டுக்குப் படகில் கடந்தோம். கடல் அசையவே இல்லை. தூரத்தில் தண்ணீருக்குள்ளே காற்றாலைகள் வரிசையாக நின்றன. வழி முழுக்கக் கதைத்தார். பயத்தில் கதைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தபடியால் 'ஓம் ஓம்' என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஹெலேனா அம்மா யன்னலோரம் சின்னதாக, கோபமாக இருந்தா. பூகோளத்தார் போலந்து மொழியில் தொடங்கினார். அவ கையைக் காட்டி நிப்பாட்டினா. "விருந்தாளியள் இருக்கேக்க விளங்காத பாசை கதைக்கக் கூடாது. டேனிஷில கதை. நீதானோ அந்தக் கோட்டின்ர மகன்?"

"ஓம்," என்றார். "உங்கட வீட்டில... ஒரு பிள்ளை துலைஞ்சதோ?"

"இல்லை. எங்கட வீட்டில ஒரு கோட்டுத்தான் துலைஞ்சது. என்ர கோட்டு. எனக்கு ஏழு வயசு."

அவருடைய முகம் வாடியதை நான் பார்த்தேன். அவ அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனா. ரயில் நிலையத்தில் ஒரு சின்னப்பிள்ளை வெறும் சட்டையோடு நின்று நடுங்கியிருக்கிறது. ஹெலேனாவின் அம்மா மேடை முழுக்க ஓடி, ஆற்ற பிள்ளை, ஆற்ற பிள்ளை என்று கேட்டிருக்கிறா. ஒருவரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ரயில் வெளிக்கிடப் போனது. மகளின் கோட்டைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டு, பொத்தான் ஐந்தையும் பூட்டிவிட்டு, பெற்றவள் தேடி வந்தால் இங்கேதான் வருவாள் என்று பிள்ளையை அங்கேயே விட்டு, மகளோடு ஓடி ஏறியிருக்கிறா.

பூகோளத்தார் எழும்பி நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நின்றார். "அப்ப இது உங்கட பேர். நாங்கள் சும்மா எடுத்து வைச்சிருந்திட்டம். மன்னிக்க வேணும்."

"பேரை ஆர் கேட்டது? எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, கலியாணம் கட்டின உடனே மாத்திப்போட்டன். அண்ணன்மாருக்கும் பிள்ளையள் இல்லை. எங்கட வீட்டுப் பேர் இப்ப உன்னட்டை மட்டும்தான் இருக்கு. கவனமா வைச்சிரு." பிறகு குரல் இறங்கியது. "உன்ர அப்பாவை ஆரும் தேடினவையோ எண்டு கேட்டனியாமே. தேடினவ. என்ர அம்மா. ஒவ்வொரு வருசமும் முதல் பனி விழுகிற அண்டைக்கு யன்னலடியில நிண்டு கேப்பா, அந்தப் பிள்ளை பிழைச்சிருக்குமோ எண்டு. சாகக் கிடக்கேக்கையும் அதைத்தான் கேட்டவ. நான் பதில் சொல்லேல்லை. எனக்குக் கோட்டுப் போன கோபம்."

"பிழைச்சவர்," என்றார் பூகோளத்தார். "பேக்கரி வைச்சிருந்தவர். மூண்டு பிள்ளையள். நித்திரையிலதான் போனவர்."

அவ தன் கையைப் பார்த்தா. "அந்தக் கோட்டு," என்றா, "குளிருக்குக் காணுமா இருந்ததோ?"

அவர் தலையை ஆட்டினார். "பத்து வயசு மட்டும் போட்டவர். கை முழங்கை மட்டும்தான் வந்ததாம். கழட்ட மாட்டன் எண்டு அழுதவராம்."

"அப்ப சரி," என்றா ஹெலேனா அம்மா. "நான் இனிக் கோவிக்கேல்லை." ரஜனி கோப்பியை ஊற்றுகிறேன் என்று மேசைத்துணியில் ஊற்றினாள். எனக்கும் கண் தெரியவில்லை.

இப்போது பூகோளத்தார் குடியிருப்பது அந்த இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ஒவ்வொரு நாளும் போய் அவவிடம் பேச்சு வாங்குகிறாராம். சந்தோசமாகத்தான் சொன்னார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அன்றைக்குத் திரும்பி வந்த பயணம். கோடைகாலப் பின்னேரம், இருட்டவே மனமில்லாத வெளிச்சம். படகில் இருந்து இறங்கினோம். 'ஆருமே தேடாத பிள்ளை இல்லை' என்று ஒரு தரம் சொன்னார். ஸ்வென்போர்க் பட்டணம் தாண்ட முதல் நித்திரையாகிவிட்டார். வாய் திறந்தபடி, கை இரண்டும் மடியில். பதினொரு வருடத்தில் அவர் பக்கத்தில் இப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. பெரிய ரோட்டில் லொறிகள் எல்லாம் கோர்ன் அடித்து என்னை முந்திக்கொண்டு போயின. போகட்டும் என்று விட்டேன். மனிதர் எழும்பிவிடுவார் என்று, பிராண்டே வரைக்கும் எண்பதுக்கு மேலே மிதிக்க எனக்கு மனம் வரவில்லை.